ஒரே சட்டத்துக்குள் இரண்டு பேர்

யுத்தத்தில் நூல் கிடைக்காமல் எங்கள் தறி நின்றுபோன வருடம், ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜமீன் அரண்மனையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆயுத பூஜை வந்தது. சாமி படங்களுக்கும் காலமான பெரியவர்கள் படங்களுக்கும் மாலை போடச் சொன்னார்கள். கூடத்தில் உள்ளங்கையளவு தந்தத்தில் தீட்டிய படம் ஒன்று; பட்டுப் பாவாடையில் அக்காளும் தங்கையுமாக இரண்டு ராஜகுமாரிகள். எந்தக் காலத்துப் பெண்களோ, இருக்கவா போகிறார்கள் என்று நானே முடிவுகட்டி, அதற்கும் மல்லிகைச் சரம் சுற்றினேன்.

சமையற்காரம்மா பார்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! அதுல பெரியவங்க நம்ம ராணியம்மாடி! உசுரோட இருக்கறவங்களுக்கு மாலை போட்டுட்டயே!"

கழற்றப் போனேன். அவசரத்தில் சரம் படத்தின் சட்டத்தில் சிக்கிக்கொண்டது. திரும்பினால் ராணியம்மா நிற்கிறார்.

"தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க" என்று காலில் விழுந்தேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "கழட்டாதே. தங்கச்சி போய் முப்பது வருசமாச்சு. பக்கத்துல நானும் இருக்கேனேன்னு பயந்து, அவளுக்கு ஒரு பூ வெச்சதில்லை."

சிக்கலை எடுத்துச் சரத்தை அவரே நேராக்கினார்.

அந்த அரண்மனையில் பயந்து சாகிறவள் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.