அகத்தியை மட்டும் ஒதுக்கினேன்

துடியலூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், பழைய பக்கெட்டுகளில் பாலக்கும் பசலையும் வளர்கின்றன. வாசலில் முருங்கை. அரிசி கழுவின தண்ணியை ஊற்றி, முருகா என்று சொல்லித்தான் கிள்ளுவேன்.

வீட்டுக்காரருக்கு இதய வால்வு மாற்றியபோது, ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். மருந்து தின்கிறவர்களுக்கு அகத்திக்கீரை ஆகாது, முறித்துப்போடும் என்பது எனக்குத் தெரியும். அமாவாசைக்கு அகத்தி வாங்கினாலும் மாட்டுக்கு மட்டும்தான். மற்ற கீரைகளை, ரத்தம் ஊறட்டும் என்று அள்ளி அள்ளி வைத்தேன். மழைக்கு முருங்கை தளதளவென்று வந்தால் ரெண்டு வேளையும் அதுதான்.

ரத்தப் பரிசோதனையில், மாத்திரை சரியாகப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. டாக்டர் கேட்டார்: "வீட்ல கீரை நிறையச் சேர்க்கறீங்களாம்மா?"

"மருந்தை முறிக்கிற கீரையத் தொடறதே இல்லீங்க" என்றேன், பெருமையாக.

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். நான் வீட்டுக்கு வந்து முருங்கை உருவினேன்.

அடுத்த மாதம் ஒரு காலையில் காபி டம்ளர் வீட்டுக்காரர் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணிப்போச்சு. ஆஸ்பத்திரியில் எல்லாம் விசாரித்துவிட்டு டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "அகத்தி மட்டுமில்லீங்கம்மா, கரும்பச்சைக் கீரை எல்லாமே இந்த மாத்திரைக்கு எதிரா வேலை செய்யும், ரத்தம் உறைஞ்சுரும். கீரை நல்லதுதான். தினமும் ஒரே அளவாக் கொடுங்க, எவ்வளவுன்னு எங்ககிட்டச் சொல்லிடுங்க."

வீட்டுக்காரர் அப்போது நினைவில்லாமல் கிடந்தார். எழுந்து உட்கார்ந்த பிறகும் நான் அவரிடம் சொல்லவில்லை.

வலது கை போனாலும் பேச்சு குழறிக் குழறித் திரும்பியது. வருகிறவர்களிடமெல்லாம், "நான் பொழச்சதே இவ கீரையிலதானுங்க" என்பார். நான் சமையல்கட்டுக்குள் ஓடிவிடுவேன். அங்கே மாட்டியிருக்கும் முருகனையும் நிமிர்ந்து பார்க்க முடியாது.

போன மாசம் பக்கத்து வீட்டம்மா வந்தாள். அவள் வீட்டுக்காரருக்கும் வால்வு ஆபரேஷன், அதே மாத்திரை.

"ஏனுங்க அக்கா, அண்ணன் சொன்னாங்க. முருங்கையில ஒரு போத்து வெட்டித் தாங்க. நட்டுவெச்சு, அவருக்குத் தினமும் ஆக்கிப் போடறேன்."

"ஒண்ணென்ன கண்ணு, ரெண்டா கொண்டுட்டுப் போ" என்றார் இவர், நாற்காலியிலிருந்து.

அரிவாள் என் கையில் இருந்தது. வெட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். முருகா, இவர் முன்னாலேயா?

"வேண்டாம் கண்ணு. முதல்ல டாக்டர்கிட்ட அளவு கேளு" என்று ஆரம்பித்தவள், எல்லாவற்றையும் சொல்லிப்போட்டேன். டாக்டர் கேட்டது, நான் சொன்ன பதில், எல்லாம்.

அவள் வெறுங்கையோடு போனாள். "சோறு போடு" என்றார் இவர். அளந்து வைத்த ஒரு கரண்டிக் கீரையை இடது கையால் வழித்துத் தின்றார்.

அதற்கப்புறம் யார் வந்தாலும் கீரையைப் பற்றி அவர் பேசுவதில்லை. நான் உள்ளே ஓடாமல் கதவோரமாக நிற்கிறேன், அந்தப் பழைய பேச்சை இன்னும் ஒரு தடவை சொல்லிவிட மாட்டாரா என்று.