அட்டையின் இரண்டாவது வரி

முகையூரிலிருந்து வந்த சந்தியா என்ற பெண் கல்லூரியை விட்டுப் போனதற்குக் காரணம் நான்தான். அவளுக்கு ஆங்கிலம் வராததோ வீட்டுக் கஷ்டமோ அல்ல. நான்!

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதால் பாரம் குறையும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரி. நான் அப்போது இரண்டாம் ஆண்டு. கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வாரம் வரவேற்பு நிகழ்ச்சிகள் நடக்கும். நூலகம் காட்டுவது, மரக்கன்று நடுவது, விளையாட்டு... முதல் நாளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் மேடையேறித் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும், ஆங்கிலத்தில்.

அந்த வருடம் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியது நான். காலையில் எங்கள் பேராசிரியர் கூப்பிட்டார்.

"சாஜிதா, இந்த வருஷத்துலேர்ந்து தமிழ்லயே பேசலாம். ஆரம்பிக்கும்போதே மைக்ல சொல்லிடும்மா. புதுப் பசங்க ரொம்ப பயப்படுதுங்க."

"சரிங்க சார்" என்றேன். கையிலிருந்த அட்டையில், வணக்கத்துக்கு அடுத்து இரண்டாவது வரியாக அதை எழுதியும் வைத்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை, பாருங்கள்!

அரங்க வாசலில் சந்தனமும் கற்கண்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெயர் அட்டையைக் குத்திக்கொள்ளாமல் கையிலேயே பிடித்தபடி சந்தியா வந்தாள்.

"அக்கா, இங்கிலீஷ்லதான் பேசணுமா? எனக்கு வராதுக்கா. தமிழ்ல பேசுனா ஒத்துக்க மாட்டாங்களா?"

ஒத்துக்கொள்வார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்...

"இங்கிலீஷ்லதான். நாங்கல்லாம் பேசலியா? ரெண்டு நிமிஷம், ஜல்தியா முடிஞ்சிடும்" என்றேன்.

ஏன் சொன்னேன்? முந்தைய வருடம் அதே மேடையில் "மைசெல்ஃப் சாஜிதா" என்று தொடங்கினேன். அரங்கமே சிரித்தது. அதன்பின் ஒரு வருடம் கண்ணாடி முன் நின்று நின்று பேசிப் பழகினேன். நான் பட்டதைப் படாமலே இவர்கள் தப்பித்துக்கொள்வதா? மருமகளாக இருந்தபோது பட்டதையெல்லாம் மாமியாரானதும் திருப்பிக் கொடுப்பார்களே, அந்தப் புத்திதான். எனக்குக் கோபம்கூட இல்லை. நிதானமாகத்தான் செய்தேன்.

அதோடு விட்டேனா? ஒரு துண்டுச்சீட்டில் நான்கு ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி அவளிடம் கொடுத்தேன். "இத அப்டியே படிச்சிடு" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. இரக்கப்பட்டா கொடுத்தேன்? இல்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினேன், அவ்வளவுதான்.

பேராசிரியர் சிறப்பு விருந்தினரை அழைத்துவரப் போயிருந்தார். வணக்கம் சொன்னேன். இரண்டாவது வரியைத் தாண்டி மூன்றாவதுக்குப் போனேன்.

சந்தியா முதல் வாக்கியத்தைப் படித்தாள். இரண்டாவதில் குரல் சிக்கிக்கொண்டது. பின்வரிசையில் எவனோ அதை அவளைப் போலவே திக்கிச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். இன்னொரு மைக் என் கையில் இருந்தது. தமிழில் பேசும்மா என்று அப்போதாவது சொல்லியிருக்கலாமே!

"தேங்க் யூ சந்தியா. நெக்ஸ்ட்!" என்றேன்.

மறுநாள் அவள் வரவில்லை. வாரக் கடைசியில் அவளுடைய அப்பா சான்றிதழ்களைத் திரும்ப வாங்க வந்தார். அலுவலக வாசலில் பேராசிரியரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "அன்னிலேர்ந்து அழுதுக்கினே இருக்குதுங்க சார். படிப்பே வேணாம்னு சொல்லுது."

அவர் போனபின் பேராசிரியர் என்னிடம் கேட்டார். "தமிழ்ல பேசலாம்னு சொன்ன இல்லம்மா?"

"சொன்னேன் சார்."

அவர் நம்பினார். நான் படிப்பை முடித்தேன்.

போன மாதம் அக்கா கல்யாணத்துக்குத் துணி எடுக்கத் திண்டிவனம் போயிருந்தோம். ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "சாஜிதாக்கா!" என்றாள். சந்தியா! முகம் மலர்ந்து சிரித்தாள்.

"அன்னிக்கு அவ்ளோ பேருல நீங்க ஒருத்தங்கதான்க்கா எனக்கு ஒத்தாசை பண்ணீங்க. நீங்க எழுதிக் குடுத்த சீட்டு இன்னும் வெச்சிருக்கேன். தங்கச்சி அதே காலேஜ்ல சேருது. இங்கிலீஷ்லதான் பேசணும்னு சொல்லி அந்தச் சீட்ட அதுங்கிட்ட குடுத்துட்டேன். ராவும் பகலும் மனப்பாடம் பண்ணிக்கினு இருக்குது."

தமிழிலேயே பேசலாம், அன்றைக்கே பேசியிருக்கலாம்... வாய்வரை வந்தது. சொன்னால், அது எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பாளே!

"நல்லாப் படிக்கச் சொல்லு" என்றேன்.

"சரிக்கா" என்று சொல்லி, அடுத்த புடவையை விரித்தாள்.