ஒரே ஓர் இடம்

நேசமலர் எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். உடுவிலில் அவரிடம் மாம்பழம் விற்றவர்களைக் கேட்டால் கதைகதையாகச் சொல்வார்கள். அவர் வீட்டில் இரண்டு டேப்லெட்கள். லண்டனிலிருந்து மகன் றொபின் அனுப்பியது பெரியது. எழுத்தெல்லாம் கண்ணாடி போடாமலே தெரியும், ஆனால் ஒரு பக்கம் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். கனடாவிலிருந்து மகள் அபிகாயில் அனுப்பியது சின்னது. கேட்ட பக்கம் உடனே வரும், ஆனால் பொடி எழுத்து. ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறக்கும். மரண அறிவித்தல்களைக்கூட அவர் இரண்டிலும் பார்ப்பார். செத்தவர் ஒன்றிலாவது உயிரோடு இருப்பார் என்று நினைக்கிறாரோ என்னவோ.

இப்போது அபிகாயிலுக்கு இருதயத்தில் அறுவைச் சிகிச்சை. அதற்கு முன் நேசமலர் கனடா போய்ச் சேர வேண்டும். விசாவுக்கு எல்லாம் கொடுத்தாகிவிட்டது, கைரேகை மட்டும்தான் பாக்கி. அதற்கு இணையத்தில் நாள் எடுக்கப் பார்த்தால் வாரக்கணக்காக எல்லாம் நிரம்பிக் கிடந்தது. இன்று காலை ஓர் இடம் வந்தது. ஒன்றே ஒன்று.

பெரியதில்தான் அது தெரிந்தது. கடவுச்சீட்டு இலக்கத்தை அடித்து அந்த இடத்தைத் தொட்டார். வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அதை மேசையில் கவிழ்த்துவிட்டுச் சின்னதை எடுத்தார். பக்கம் உடனே திறந்தது. இடத்தைக் காணவில்லை.

“ஐயோ, ஆரோ எடுத்திட்டாங்கள்!”

கணவர் செல்வத்துரை ஓடிவந்தார். “ஆர் எடுத்தது?”

“எனக்கெப்பிடித் தெரியும்? என்ரை பிள்ளையைப் பாக்க விடாமல் ஆரோ ஒரு பாவி. நாசமாப் போக!”

ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற வாய் அது. செல்வத்துரை கவிழ்ந்து கிடந்ததை நிமிர்த்தினார். வட்டம் நின்றிருந்தது. இந்த இடம் உங்களுக்காக ஒதுக்கப்பட்டுள்ளது, உறுதிப்படுத்துங்கள் என்றது திரை. கீழே நேரம் குறைந்துகொண்டிருந்தது.

“இஞ்சை பாரும், மலர். அந்தப் பாவி நீர்தான்.”

நேசமலர் தொட்டார். மறுபடி வட்டம்.

“சின்னதிலையும் ஒருக்கா அமத்திப் பாப்பமே?”

“அதைத் தொட்டீரோ தெரியும்!” செல்வத்துரை சின்னதைப் பறித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இருவரும் மூச்சுவிடாமல் வட்டத்தையே பார்த்தார்கள். அது நின்றது. மீண்டும் சுற்றியது. கடைசியில் பச்சை அடையாளம் வந்தது. நேசமலர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

உடனே மகளை அழைத்தார். வைத்தியசாலைக் கட்டிலில் அபிகாயில் விழித்துத்தான் இருந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. அதைக் கண்டதும் நேசமலருக்குச் சொல்ல நினைத்ததெல்லாம் போய் ஒன்றுதான் வந்தது.

“பிள்ளை, நான் வாறன்.”

ஒவ்வொரு அழைப்பையும் அவர் அப்படிச் சொல்லித்தான் முடிப்பார். அபிகாயிலின் கண் கலங்கியது.

“இப்பத்தானே அம்மா எடுத்தனீங்கள்? அதுக்குள்ளை வைக்கப்போறியளோ?”

“இல்லையடி. உன்னட்டை வாறன்.”