சாங்வி ஜெயந்தி அக்காவும் அவருடைய வெள்ளை வேகனும்

“குமார், தாயி கேலி” என்று போனில் சொன்னான் எங்கள் வண்டிக் கூட்டாளி சமீர். மராட்டியில் அதற்கு ‘அக்கா போய்விட்டார்’ என்று பொருள். இத்தனை வருடம் புனேயில் இருந்தும் ஒரு கணம் அது என் காதில் தமிழாகவே விழுந்தது. ஏதோ கேலி என்று நினைத்து, காலையிலேயே என்ன விளையாட்டு என்று கேட்டேன். அவன் அழுதுகொண்டிருந்தான். சாங்வி வீட்டில் தேநீர் போட சமையலறைக்குப் போன ஜெயந்தி அக்கா அங்கேயே சரிந்து விழுந்திருக்கிறார். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நம் புனேத் தமிழர்களின் பொங்கல் விழாக்களில் அவரைப் பார்த்திருப்பீர்கள். பெரிய பாத்திரங்கள் எந்த வண்டியில் வந்து இறங்கின என்று பலரும் கவனித்திருக்க மாட்டீர்கள். பின்பக்கம் நீண்ட, வெள்ளை நிற ஸ்டேஷன் வேகன் அது. பார்த்தால் பெரிய குடும்பத்துக்காரர் வாங்கிய சாதுவான வண்டி போலிருக்கும். உள்ளே இருந்த எஞ்சின் பந்தயக் காருக்குப் போட வேண்டியது. அந்த மாதிரி வண்டி வைத்திருக்கும் பைத்தியங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தாபோடிப் பக்கம் ஒரு மைதானத்தில் கூடுவோம். எங்களில் ஒரே பெண் அவர்தான். வேகமாக ஓட்டுவதில் முதல் ஆளும் அவரே.

நான் முதல்முறை போன அன்று எல்லோரும் பானெட்டைத் திறந்து வைத்து, டர்போ மாற்றியது, சைலன்சர் மாற்றியது என்று அவரவர் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் பின்கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து வடாபாவ் தின்றுகொண்டிருந்தார். தமிழ்க்குரல் கேட்டதும், “இன்னா பா, நம்ம ஊரா?” என்று பாதி வடாபாவைப் பிய்த்து நீட்டினார். அவருடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அக்கா பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே. ஆனாலும் அந்த ‘இன்னா’ போகவில்லை. உங்கள் வண்டியில் எத்தனை குதிரைத்திறன் என்று ஆவலாகக் கேட்டேன்.

“குதிரை எண்ணறதுக்கு நான் இன்னா லாயமா வெச்சிருக்கேன்? உக்காரு, ஒரு சுத்து போலாம்.”

அந்த ஒரு சுற்றில் எனக்குத் தலை சுற்றிவிட்டது. மைதானத்துக்குத் திரும்பியதும் பிரேக்கைத் தட்டிக் காட்டி ஒன்று சொன்னார். “வேகமா போறது வண்டி வேலை. நிக்கிறது நம்ம வேலை. முதல்ல நம்ம வேலைக்குச் செலவு பண்ணு.” பிம்ப்ரியில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலையில் தரச்சோதனைப் பிரிவில் இருந்தவர். எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

அவருடைய கணவர் முரளி சாரை உங்களுக்குத் தெரியும். வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். ஸ்டீயரிங்கைத் தொட்டதே கிடையாது. அக்கா ஓட்டும்போது பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். ஒருமுறை அக்கா ஆசை ஆசையாக ஜெர்மனியிலிருந்து இறுக்கமான ஸ்பிரிங் வரவழைத்துப் போட்டார். வண்டி தரையோடு தாழ்ந்து, வளைவுகளில் கொஞ்சமும் சாயாமல் போயிற்று. நாங்கள் எல்லோரும் பொறாமையில் வெந்தோம். அடுத்த ஞாயிறு பார்த்தால் பழைய ஸ்பிரிங்கே திரும்ப வந்திருக்கிறது. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“அவருக்கு இடுப்பு வலிக்குதாம். வாயத் தொறந்து சொல்லல பா. இறங்கறப்போ கதவைப் புடிச்சிக்கினு ஒரு நிமிஷம் நின்னாரு. அது போதாதா?”

பையன்கள் கிண்டல் செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அந்த ஜெர்மன் ஸ்பிரிங்கை சமீர் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான்.

நான் சொல்ல வந்தது தாம்ஹிணி மலைப்பாதையில் நடந்ததைத்தான்.

மழை விட்டிருந்த ஒரு காலை. ஆறு வேகன்கள் கொங்கண் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். அன்று முரளி சார் வரவில்லை. என் வண்டி கராஜில் இருந்ததால் நான் அக்காவுக்குப் பக்கத்து சீட்டில் இருந்தேன். எங்களுக்குப் பின்னால் சமீரின் வண்டி. அதில் அவன் மனைவியும் சின்ன மகளும் இருந்தார்கள். அந்த மாதம்தான் அவன் எஞ்சின் சக்தியைக் கூட்டியிருந்தான். பிரேக்கை மாற்றவில்லை. பாதி இறக்கத்தில் பின்னாலிருந்து ஹாரன் விடாமல் அலறியது. கண்ணாடியில் பார்த்தால் ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறான். அக்கா உடனே போன் ஸ்பீக்கரில் அவனை அழைத்தார். பிரேக் பிடிக்கவில்லை, மிதி உள்ளே போய்விடுகிறது என்று கத்தினான்.

“கியரைக் குறை. எஞ்சினை அணைச்சிடாதே. என் பின்னாடியே வா” என்று இந்தியில் சொன்னார். பிறகு என்னிடம் தமிழில், “தலையை சீட்டோட ஒட்டி வெச்சிக்கோ” என்றார்.

“என்னக்கா பண்ணப் போறீங்க?”

“அவனை நிறுத்தப் போறேன்.”

அக்கா வண்டியின் பின்கதவுக்கும் பம்பருக்கும் வண்ணம் அடித்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. அக்கா வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். சமீரின் வண்டி நெருங்கி வந்து எங்கள் முதுகில் மோதியது. விலகியது. மறுபடி மோதி ஒட்டிக்கொண்டது. அக்கா பிரேக்கை அழுத்தினார். உலோகம் நசுங்கும் சத்தமும் ரப்பர் தீயும் நாற்றமும் இப்போதும் எனக்கு நினைவிருக்கின்றன. இடப்பக்கம் தாழ்வான சுவர், அதற்கப்பால் பள்ளம். “தோடா, தோடா அவுர்”, கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனில் குழந்தையைத் தாலாட்டுவது போன்ற குரலில் சொல்லிக்கொண்டே இரண்டு வண்டிகளையும் தன் பிரேக்கால் இழுத்துப் பிடித்தார். அடுத்த வளைவுக்கு முன்பே இரண்டும் நின்றன.

எல்லோரும் ஓடி வந்தார்கள். ஒன்றுமில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா சாலையோரச் சுவரில் உட்கார்ந்திருந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பாட்டில் பாதி புடவையில் கொட்டிற்று.

“ஏன் எல்லாரும் ஒண்ணும் ஆவலன்றீங்க? ஆச்சு. நான் பயந்துட்டேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு” என்றார். தமிழில் சொன்னதை அவரே இந்தியிலும் ஒருமுறை சொன்னார். அதைக் கேட்டதும் அதுவரை விறைப்பாக நின்றிருந்த சமீர், மகளைக் கட்டிக்கொண்டு தேம்பி அழுதான். அந்தக் கூட்டத்தில் பயம் என்ற சொல்லை அதற்குமுன் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பிறகு மைதானத்தில் பேச்சே மாறிவிட்டது. புதிதாக யார் வந்தாலும் முதலில் பிரேக்கைப் பற்றித்தான் கேட்டோம்.

நசுங்கிய பின்கதவை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லி சமீர் கெஞ்சினான். “அடிபட்ட இடத்தைக் கும்பிட இது இன்னா கோயிலா?” என்று புதுக் கதவு போட்டுவிட்டார். ஆனால் அடுத்த பயணத்துக்குச் சமீரின் மகள் தன் அப்பா வண்டியில் ஏற மாட்டேன் என்று அக்கா வண்டியில் ஏறிக்கொண்டபோது, முகமெல்லாம் அவருக்குச் சிரிப்பு. முரளி சாருக்குப் பக்கத்தில் அந்தக் குழந்தையும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அஸ்தி கரைக்க ஆற்றங்கரை ஊரான ஆளந்திக்குப் போனபோது முரளி சார் என்னைத்தான் ஓட்டச் சொன்னார். அக்காவின் வண்டியை அவர் இல்லாமல் நான் ஓட்டியது அதுவே முதல்முறை. முரளி சார் முன்சீட்டில், மடியில் மண்கலயத்தோடு, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். எங்களுக்குப் பின்னால் மற்ற வேகன்கள் மெதுவாக வந்தன. ஊர் எல்லை தாண்டியதும் ஸ்டீயரிங் என் பிடியில் நிற்கவில்லை. பழைய குமாராக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்திருப்பேன்.

“சார், கை நடுங்குது. பயமா இருக்கு. கொஞ்சம் ஓரமா நிறுத்தட்டுமா?” என்று கேட்டேன்.

“நிறுத்துப்பா” என்றார் அவர். “எனக்கும் அப்படித்தான் இருக்கு. கேக்கத்தான் கூச்சமா இருந்துது.”

நிறுத்தினேன். பின்னால் வந்த வண்டிகளும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவும், சொல்லிவிட்டு நிற்கவும் ஜெயந்தி அக்காவிடமிருந்து எனக்கு வந்தது. அதை வைத்துக்கொள்கிறேன். நடுக்கம் அடங்கிய பிறகு வண்டியை எடுத்தோம்.