ராத்தா தடுக்கி நின்ற வரி

பக்கத்து வீட்டு டியூசன் வகுப்பிலிருந்து அந்தச் சத்தம் மதிலைத் தாண்டி வருகிறது. பிட், ஃபிட், ஹிட், சிட். மூன்றெழுத்து இங்கிலீஷ் சொற்கள். முதல் எழுத்து மாத்திரம் மாறும், பின்னிரண்டும் அசையாமல் நிற்கும். சின்னப் பிள்ளைகள் ஒரே குரலில் இழுத்துச் சொல்லும்போது கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். நானோ மூன்றாவது சொல் வருவதற்குள் குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறேன். வாளி நிறைந்து வழிகிறது. கழுவ ஒன்றுமில்லை.

அந்தச் சொற்களை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான்தான். மருதமுனையில் அப்போது எங்களுக்கென்று இருந்தவை ஒரு கிடுகுக் கொட்டில், ஒரு தறி, கலியாணமாகாத இரண்டு குமர்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார். வீடில்லாத குமரை யாரும் கேட்டு வரமாட்டார்கள். எண்பதுகளின் தொடக்கம். கடற்கரைத் தெருக்களிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகச் சவூதிக்கு வீட்டுவேலைக்குப் பறந்துகொண்டிருந்தார்கள். எனக்கு மூத்தவளான ராத்தாவும் பெயர் கொடுத்தாள். நாலு இங்கிலீஷ் சொல் தெரிந்தால் நல்ல வீடாகக் கிடைக்கும் என்று கல்முனையில் ஏஜென்ட் சொன்னாராம். நான் ஒன்பதாம் வகுப்பு. என் பழைய வாசிப்புப் புத்தகத்திலிருந்து சொற்களை ஒரே முடிவுள்ளவையாகப் பிரித்து, எதிரே தமிழில் கருத்தெழுதி, அந்தத் தாளைத் தறிக்கட்டையில் கஞ்சிப் பசையால் ஒட்டினேன்.

அவள் நெய்துகொண்டே படித்தாள். தறியின் நாடா வலப்பக்கம் ஓடும்போது நான் சொல்லைச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது அவள் கருத்தைச் சொல்வாள். கொட், கட்டில். டொட், புள்ளி. ஹொட், சூடு. பொட், சட்டி. பாவு நூலின் கஞ்சி வாடைக்குள் அந்த அந்நியச் சொற்கள் ஒவ்வொன்றாகச் சாறனுக்குள் போய்ப் படிந்தன. எந்த ஊர்ச் சந்தையில் யார் அதை வாங்கி உடுத்தார்களோ. "வெள்ளக்காரன் நம்மட வாப்பா மாதிரித்தான் கா" என்பாள். "கரைய மட்டும் மாத்திப்போட்டுப் புதுச் சாறனெண்டு விக்கிறான்." தறிக்குழிக்குள் காலை ஆட்டி ஆட்டிச் சிரிப்பாள். வாப்பா கேளாதவர்போல் நூல் சுற்றுவார்.

ஒரு குறை இருந்தது. இடையிலிருந்து ஒரு சொல்லை உருவிக் கேட்டால் அவளுக்கு வராது. லெப்பையிடம் குர்ஆன் ஓதிய பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு: தடுக்கினால் மேலேயிருந்து தொடங்க வேண்டும், தடுக்கிய இடத்தில் பக்கத்திலிருப்பவர் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுப்பார். ஹொட் என்றால் என்ன என்று கேட்டால் அவள் கண்ணை மூடி, கட்டிலிலிருந்து புறப்பட்டுச் சூட்டுக்கு வந்து சேர்வாள். சூடு கையைச் சுட்ட பிறகுதான் சொல் வரும் என்று நான் கேலி செய்தேன். அந்தக் கேலியை இன்று நினைத்தால் என் நாவே எனக்குக் கசக்கிறது.

அவள் போனாள். அவள் அனுப்பிய காசில் வீட்டுச் சுவர் எழுந்தது. கடிதங்கள் வந்தன, எல்லாவற்றிலும் சுகம், சுகம் என்பதைத் தவிர வேறில்லை. அவள் போய்ப் பத்தாம் மாதம், அங்கிருந்து லீவில் வந்த சாய்ந்தமருது ஆள் ஒருவர் அவள் கொடுத்தனுப்பிய கசெட்டைக் கொண்டுவந்தார். அயல்வீட்டு டேப்ரெக்கோடரை இரவல் வாங்கி, அசர் தொழுகைக்குப் பிறகு பாயில் வைத்துச் சுற்றி இருந்தோம். ஸலாம் சொன்னாள். எல்லோரையும் பெயர் சொல்லி விசாரித்தாள். பிறகு, தங்கச்சி சொல்லித்தந்த பாடம் மறக்கவில்லை என்று சொல்லித் தொடங்கினாள். பிட், துண்டு. ஃபிட், அளவு. ஹிட், அடி. அங்கே நின்றாள். தறியில் நாடா போய்வரும் நேரமளவு இடைவெளி. மீண்டும் மேலேயிருந்து. பிட், துண்டு. ஃபிட், அளவு. ஹிட், அடி. மீண்டும். மூன்று முறை அந்த இடத்துக்கு வந்தாள். மூன்று முறையும் அதைத் தாண்டவில்லை.

உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தா. "தடுக்கிட்டா பாவம். எடுத்துக் குடு புள்ள."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்தப் பெட்டியிடம் குனிந்து அடுத்ததை எடுத்துக்கொடுத்தேன்.

"சிட், இரு."

பாய் முழுக்கச் சிரிப்பு.

எனக்கு விளங்கியிருந்தது. அந்த வரியில் ராத்தா ஒருநாளும் தடுக்கியதில்லை. விளங்கவில்லை என்று எனக்கே நிரூபிக்க வருடக்கணக்கில் பாடுபட்டிருக்கிறேன், முடியவில்லை. அன்று காலைதான் கூரைக்கு ஓடுகள் வந்து முற்றத்தில் இறங்கியிருந்தன. கசெட் முடிந்ததும் வாப்பா வெளியே போய் ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் பார்த்தார். உடையாத ஓட்டின் சத்தம் எவ்வளவு இனியது. நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன். அவருக்கும் எனக்கும் இடையில் பத்தடி. சொன்னால் அவளைக் கூப்பிட வேண்டும், கூரை வேலை நின்றுபோகும். அவளுக்கு அடுத்த குமர் நான். இதையெல்லாம் அப்போது நினைத்தேனா, பின்னாளில் நினைத்ததாக நினைக்கிறேனா தெரியாது. அந்தப் பத்தடியை நான் நடக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஓடு போட்டு, சுவரின் சுண்ணாம்பு காயுமுன் மௌத்துச் செய்தி வந்தது. காய்ச்சலாம். அங்கேயே அடக்கிவிட்டார்களாம். உம்மா காய்ச்சல் என்பதையே நம்பி, நம்பியபடியே கண்மூடினா. அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தார், எனக்கு வந்தார். என் பிள்ளைகள் இதற்குள்தான் பிறந்தார்கள். மழை பெய்தால் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. ஒழுகினால்கூட எனக்கு ஆறுதலாயிருக்கும்.

மதிலுக்கப்பால் பிள்ளைகள் மேலேயிருந்து தொடங்குகிறார்கள். அவர்கள் தடுக்காமல் தாண்டிப் போகிறார்கள். நான் குழாயை மூடுகிறேன். மூடினால் ராத்தாவை ஏர்போட்டுக்கு ஏற்றிப்போன அந்த வான் மணல் ஒழுங்கையில் வந்து நிற்கிறது. வாப்பா பெட்டியை ஏற்றுகிறார். உம்மா ஓதி ஊதிவிடுகிறா. ராத்தா ஜன்னலால் கையை நீட்டி என்னைக் கிட்டக் கூப்பிடுகிறாள். கடைசியாகப் பாடம் கேட்கச் சொல்வாள் என்று நினைத்துப் போகிறேன். அவள் என் காதுக்குக் குனிகிறாள்.

"காயிதத்த உம்மாக்கு வாசிச்சுக் காட்டுவீங்க, அதுல ஒண்டும் எழுதமாட்டன். அங்க ஏதும் கரச்சலெண்டா ஒனக்கு மட்டும் விளங்குற மாதிரிச் சொல்லுவன் புள்ள. நீ வாப்பாட்டப் போய்ச் சொல்லு, என்ன?"