கன்னிப் பாயில் துளையிட்டவர்

ஜசிந்தா 1937 ஆவணி 9 ஆம் திகதி நெடுந்தீவு மேற்கில் பிறந்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். பதினாறு வயதில் சாக்குத் தைக்கத் தொடங்கி, இருபதில் தோணிகளுக்குப் பாய் தைக்கப் பழகிக்கொண்டார். 1957 முதல் 1981 வரை அவர் தைத்த பாய்கள் முப்பத்தொன்று. அவற்றில் பதினெட்டாவதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அது அவருடைய சொந்தத் தோணிக்குத் தைத்தது.

அவருடைய கணவர் லியோன் குறிகட்டுவான் துறைக்கும் நெடுந்தீவுக்கும் இடையே ஆட்களையும் மாடுகளையும் ஏற்றி இறக்கியவர். பழைய தோணி உக்கிப்போகவே, ஊர்காவற்றுறையில் இருபத்தொன்பது அடியில் புதிதாக ஒன்று கட்டுவித்தார். கட்டி முடிய இரண்டு வருடமும் நான்கு மாதமும் சென்றன. இறக்குமதி நின்றிருந்த காலம். இயந்திரம் கிடைக்கவில்லை, பாய்த்துணியும் கிடைக்கவில்லை. ஜசிந்தா பதினான்கு மாதமாகத் துண்டு துண்டாகத் துணி சேர்த்தார். சேர்ந்த துண்டுகள் ஒரே நிறத்திலும் இருக்கவில்லை. அந்தத் தோணி போனால் இன்னொன்று கட்ட வழியில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

லியோனின் குடும்பத்தில், அவர் அப்பு என்றழைத்த தகப்பனாரின் காலத்திலிருந்தே ஒரு வழக்கம் இருந்தது. புதுப் பாய் முதன்முதல் ஓடிக் கரை சேரும்வரை அது கன்னிப் பாய்; அதில் ஒரு முடிச்சும் விழக்கூடாது. விழுந்தால் தோணியின் தொழில் கட்டுப்பட்டுப் போகுமாம். காற்று மிஞ்சினால் பாயின் அடிப்பகுதியைச் சுருட்டிக் கட்டிச் சிறிதாக்குவதற்கு எல்லாப் பாய்களிலும் ஒரு வரிசைத் துளைகளும் கட்டுக்கயிறுகளும் இருக்கும். லியோன் வீட்டுப் பாய்களில் அவை முதல் ஓட்டத்திற்குப் பின்னரே வைக்கப்படும். ஜசிந்தா துளை வரவேண்டிய இடத்தில் துணியை இரட்டையாக மடித்துத் தைத்துவிட்டு, துளை போடாமல் விட்டிருந்தார்.

1973 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை, அந்தப் பாயின் முதல் ஓட்டம். நான் அப்போது நெடுந்தீவில் தபாலதிபர்; ஊரார் மாஸ்ரர் என்பார்கள். இரண்டு நாள் விடுமுறையில் யாழ்ப்பாணம் போகப் புறப்பட்டிருந்தேன். தோணியில் லியோன், ஜசிந்தா, நான், இறுப்பிட்டி மாட்டு வியாபாரி நாகமுத்து, அவர் வாங்கிய, நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு சிவப்புப் பசு. காலை 8.35க்குப் புறப்பட்டோம். தென்காற்று மெதுவாக வீசியது.

"பாய் என்ன, பொங்கலுக்குத் தைச்ச சட்டை மாதிரிக் கிடக்கு. எத்தினை நிறம்!" என்றார் நாகமுத்து.

"உங்கடை மாட்டுக்கும் ரெண்டு நிறம்தானே அண்ணை. அதை ஏத்தினனாங்கள்தானே" என்றார் ஜசிந்தா.

9.30க்கு மேற்கே வானம் கறுத்தது. மாசிக் கடைசியில் அந்தப் பக்கமிருந்து காற்று வருவது அரிது. நான் வைத்திருந்த காலநிலைக் குறிப்புகளில் அதற்கு முந்திய பதினொரு வருடங்களில் ஒரேயொரு தடவைதான் அப்படி வந்திருந்தது. 9.41க்குக் கச்சான் என்ற அந்த மேல்காற்று மழையோடு அறைந்தது.

தோணி வலப்பக்கம் சாய்ந்து விளிம்பால் தண்ணீர் ஏறியது. பசு கால் சறுக்கி விழுந்தது. நாகமுத்து அதன்மேல் விழுந்தார். லியோன் சுக்கானைத் திருப்பினார். பழைய தோணி கை அசைந்ததும் திரும்பும்; இது பின்பாரம் கூடியது, ஒரு மூச்சுப் பிந்தித் திரும்பியது. லியோன் பழைய பழக்கத்தில் இன்னும் திருப்ப, தோணி அளவுக்கு மீறித் திரும்பி அடுத்த அலையைப் பக்கவாட்டில் வாங்கியது. முழங்கால் அளவு தண்ணீர்.

"பாயைப் பாதிக்கு இறக்கு!" என்று லியோன் கத்தினார்.

ஜசிந்தாவும் நாகமுத்துவும் இறக்கினார்கள். தொங்கிய அடிப்பகுதி பைபோலக் கடலில் தோய்ந்து தண்ணீரை அள்ளி, தோணியை இன்னும் சாய்த்தது. பாய்மரம் அடியில் முறுகும் சத்தம் கேட்டது. முழுவதையும் இறக்கவேண்டியதாயிற்று.

பாய் இல்லாத தோணி சுக்கானுக்குக் கட்டுப்படவில்லை. காற்று எங்களைக் கிழக்கே தள்ளியது. கிழக்கே முருகைக்கல் பார், கடலுக்குள் மறைந்த பவளப் பாறைத்திட்டு. அதன்மேல் அலை வெள்ளையாக உடைவது தெரிந்தது. நங்கூரம் போட்டார்கள். கல்லுத் தரையில் அது பிடிக்காமல் இழுபட்டது. முழுப் பாய் ஏற்றினால் கவிழும், ஏற்றாவிட்டால் பாரில் மோதும். சிறிய பாய் ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஜசிந்தா சட்டையின் கழுத்து மடிப்பிலிருந்து சாக்கு ஊசியை எடுத்தார்.

"எடியே, என்ன செய்யிறாய்?" என்றார் லியோன்.

"துளை போடப்போறன்."

"கன்னிப் பாயடி! அப்புவின்ரை காலத்திலையிருந்து ஒருத்தரும்..."

"அப்பு இப்ப தோணியிலை இல்லை. பாய் கிழிஞ்சா நான் தைப்பன். நீங்கள் கிழிஞ்சா ஆர் தைக்கிறது? சுக்கானைப் பிடியுங்கோ."

லியோன் சுக்கானை இறுகப் பிடித்தார். என்னைப் பார்த்து, "மாஸ்ரர், அந்தக் கம்பை விட்டு ஆழம் சொல்லுங்கோ" என்றார். கம்பு பதினான்கு அடி. அடிக்கு அடி வெட்டு இருந்தது. முதலில் விட்டபோது தரை தட்டவில்லை.

கட்டுவதற்குக் கயிறு வேண்டும். நாகமுத்துவிடம் மாட்டுக் கயிறு ஒன்று மிச்சமாக இருந்தது. அது துளைக்குள் போகாத தடிப்பு. ஜசிந்தா அதை வெட்டித் துண்டாக்கி, "புரியைப் பிரியுங்கோ அண்ணை" என்று எறிந்தார். நாகமுத்து பசுவின் முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டு பல்லால் கடித்துப் புரிகளைப் பிரித்தார்.

"பதின்மூன்று அடி" என்றேன். நேரம் 9.58.

ஜசிந்தா தண்ணீருக்குள் குந்தியிருந்து பாயை மடியில் போட்டு, இரட்டை மடிப்பைக் கண்ணால் தேடாமல் விரலால் தடவிக் கண்டுபிடித்தார். ஒற்றைத் துணியில் குத்தினால் காற்று அங்கிருந்து கிழிக்கும். ஊசியால் குத்தி, கத்தி முனையால் அகலித்து, புரியைச் செலுத்தி, சுருட்டிய துணியைச் சுற்றி முடிந்தார். ஒன்று. அலை அடித்து அவரை மரத்தோடு சாய்த்தது. இரண்டு.

"பதினொன்று."

"ஏழு கட்டு வேணும்" என்றார் அவர், தலை நிமிராமல்.

மூன்றாவதைக் கட்டும்போது ஊசி உள்ளங்கையில் ஏறியது. இழுத்தெடுத்துப் பாவாடையில் துடைத்தார். நான்கு. நாகமுத்து முருகனையும் அந்தோனியாரையும் மாறி மாறிக் கூப்பிட்டார்.

"ஒன்பது அடி." அலை உடையும் இரைச்சலில் நான் கத்தவேண்டியிருந்தது. ஐந்து. அடுத்த தடவை கம்பு ஏழு அடியில் தட்டியது. தோணி தண்ணீருக்குள் மூன்று அடி இருந்தது. அலை தாழும் நேரத்தில் மிச்சம் எவ்வளவு என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

"காணும் ஜசிந்தா, போதும்! ஏத்து!" என்று லியோன் கத்தினார்.

"இன்னும் ஒண்டு."

"ஏத்தடி!"

ஆறாவதை இறுக்கிவிட்டு எழுந்தார். மூவரும் கயிற்றை இழுத்தோம். பாய் முக்கால்வாசி அளவில் விரிந்தது. ஏழாவது கட்டு இல்லாத மூலை படபடவென்று அடித்தது, ஆனால் கிழியவில்லை. லியோன் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டார். சுக்கானை இந்தத் தடவை கொஞ்சம்தான் திருப்பினார்; திருப்பிவிட்டுக் காத்திருந்தார். ஒரு மூச்சுக்குப் பின் தோணி வடக்கே முகம் திருப்பியது. அதன் அடி எதிலோ ஒருதரம் உரசியது. பிறகு உரசவில்லை. அடுத்த தடவை கம்பை விட்டேன்: பத்து அடி. அதற்கடுத்தது தரை தட்டவில்லை. 10.17.

குறிகட்டுவானை 11.24க்கு அடைந்தோம். மழை ஓய்ந்திருந்தது. துறையில் ஏழெட்டுத் தோணிக்காரர்கள் நின்று புதுத் தோணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லியோன் அவசரமாகப் பாயை இறக்கி, அவர்கள் கிட்ட வருமுன் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தார். நனைந்த புரி இறுகியிருந்தது, நகத்துக்கு அசையவில்லை. கத்தியை எடுத்தார்.

"வெட்டாதையுங்கோ" என்றார் ஜசிந்தா. கையில் சீலைத்துண்டு சுற்றியிருந்தது. "திரும்பிப் போக வேணும்."

நாகமுத்து பசுவை இறக்கிக்கொண்டிருந்தார். கரையில் நின்றவர்களுள் மூத்தவரான தில்லைநாதன் பாயை உற்றுப் பார்த்தார்.

"என்ன லியோன், கன்னிப் பாயிலை முடிச்சுக் கிடக்கு?"

லியோன் மனைவியின் கையைப் பார்த்தார். பிறகு கத்தியை மடித்து இடுப்பில் செருகிவிட்டு, எல்லோரும் காணத்தக்கதாகப் பாயை உலர மறுபடி உயர்த்தினார்.

"ஓம் அண்ணை, ஆறு" என்றார். "ஏழாவது போட இவவுக்கு நான் நேரம் குடுக்கேல்லை."