பாதி துருப்பிடித்த கண்ணி

போர்க்காலத்தில் பெங்களூர்த் தொழிற்சாலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் நான் குமாஸ்தா. இரும்புத் துண்டுகளை இயந்திரத்தில் மாட்டி, அறுந்துபோகும்வரை இழுத்துப் பார்ப்பவர் ஒருவர் அங்கே இருந்தார். தொம்மலூரிலிருந்து சைக்கிளில் வருவார். ஒல்லியான உடம்பு, காக்கிச் சட்டை. அறுந்த முனை ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம்.

ஒருநாள் காலை, பட்டறையில் பாரம் தூக்கும் சங்கிலி அறுந்து ஒரு தொழிலாளி செத்துப்போனான். அளவுக்கு மீறி பாரம் ஏற்றியது அவன் தப்பு என்றார் மேஸ்திரி. மத்தியானம் சங்கிலியின் அறுந்த கண்ணி எங்களிடம் வந்தது. சோதனை செய்பவர் அதைத் தடவினார். ஜன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

"எழுதிக்கோங்க சார். பாதி பளபளன்னு இருக்குது, அது இன்னிக்கு உடைஞ்சது. மீதி துருப் புடிச்சிருக்குது. விரிசல் ரொம்ப நாளா இருந்திருக்குது, யாரும் பாக்கல. பாரம் ஜாஸ்தியானதால இல்ல."

எழுதிக்கொண்டே, "பாவம், செத்தது யாரு?" என்றேன்.

"என் பெரிய பையன் சார். ஆஸ்பத்திரியில சாயங்காலம்தான் உடம்பைக் குடுப்பாங்க. எனக்கு அரை நாள் லீவு எழுதிடுங்க."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவர் அறிக்கையை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. அது அவரால் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.